டோகா கட்டின இராயப்பர்

– தாடியைத் தொடாதை கரோலின், இன்னும் காயேல்லை.

– அப்பா, தாடியை எதாலை வச்சனீங்கள்?

– புட்டி. கார் அடிபட்டால் பள்ளத்துக்குப் பூசுவினமே, அது. இராயப்பர் சிலை தாடி இல்லாமல் நிக்கேலுமே? கொண்டு வரேக்கை ஆள் மொழுமொழுவெண்டு, இப்பத்தான் சலூனிலை இருந்து எழும்பி வந்தவர் மாதிரி.

– ஏனெண்டா அவர் இராயப்பர் இல்லை! செயின்ற் பீற்றருக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! அம்மா வியாழக்கிழமை அனுப்பின படத்தைப் பாத்திட்டு, அதைச் சொல்லத்தான் மொன்றியலிலை இருந்து ட்ரெயின் எடுத்து, யூனியன் ஸ்ரேஷனிலை இறங்கி, பிறகு கோ ட்ரெயின் பிடிச்சு அஜக்ஸ் வரைக்கும் வந்து, இப்ப உங்கட கராஜுக்குள்ளை வின்ரர் ரயருக்கு நடுவிலை நிக்கிறன்.

– வயித்துக்கு ஏதும் போட்டிட்டுக் கத்து பிள்ளை. ரெண்டு றோல்ஸ் சூடாக்கட்டே?

– அம்மா, நான் சாப்பிட வரேல்லை. பின்னேர ட்ரெயினுக்குத் திரும்பிப் போறன்.

– போ. ஆர் மறிச்சது? மூண்டு வருசமா இந்த வாசலை மிதிக்காத பிள்ளை, வந்த கையோடை போறதெண்டாப் போ. கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டனான், அது சும்மா கிடக்கட்டும். நான் என்னத்தைக் கண்டன்.

– நாயகி, உன்ரை ஒப்பாரியைப் பேந்து வை. இஞ்சை பார் கரோ, விசயம் என்னண்டா, நாளைக்குத் திருவிழா. எங்கட கடற்கரைச் சனம் முழுக்க வருது. உன்ரை தம்பி மாக்கஸின்ரை பிக்கப்பிலை பூவெல்லாம் கட்டி, இவரை ஏத்தி, பாண்ட் அடிச்சு, கோயில் பார்க்கிங் லொட்டை மூண்டு சுத்துச் சுத்தப்போறம். நான் ஊர் ஒன்றியத்தின்ரை செயலாளர். நீ வந்து நிண்டு "அவர் இவர் இல்லை" எண்டா நான் எங்கை போய் முட்டுறது?

– போன வருசம் மாதிரிச் சின்னச் சிலையை வச்சிருக்கலாமே?

– அது ஒன்றியத்திலை இருக்கிற வின்சன்ற் கொண்டு வந்தது. ஒரு முழம். ஊர்வலத்திலை பின்னுக்கு வந்த சனத்துக்கு இராயப்பரே தெரியேல்லை, பூவைத்தான் கும்பிட்டுக்கொண்டு வந்தவை. கார் டாஷ்போட்டிலை ஒட்டுற சாமானைக் கொண்டு வந்திருக்கிறாய் எண்டு நான் மைக்கிலையே சொன்னனான். அண்டையிலை இருந்து அவன் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறான்.

– மைக்கிலை சொன்னனீங்களா?

– மைக் கையிலை இருந்தது, சொன்னனான். அதுதான் இந்த முறை ஆறடி ஆள் வேணும் எண்டு நிண்டன்.

– இவரை எங்கை பிடிச்சனீங்கள்?

– வூட்பிரிட்ஜிலை ஒரு கலியாண ஹோல் இடிக்கிறாங்கள், கொண்டோ வரப்போகுதாம். இத்தாலிக்காரன்ரை. நான் கனடா வந்து முதன்முதல் கோப்பை கழுவின இடமெல்லோ! "ஏத்திக்கொண்டு போறதெண்டாப் போ, பஸ்ரியன்" எண்டு எனக்குச் சும்மா தந்தவன். இவர் அங்கை வோஷ்றூம் வாசலிலை நிண்டவர்.

– வோஷ்றூம் வாசலிலை?

– ஆம்பிளையள் பக்கம். குடிச்சு வெறியிலை வாறவன் எல்லாம் உள்ளை போகேக்கை கோட்டை இவற்றை கையிலைதான் கொழுவிப்போட்டுப் போறது. ஒருத்தன்ரை கோட்டும் களவு போனதில்லை. எனக்கு அப்பவே ஆளிலை ஒரு மரியாதை.

– அங்கை இவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள்?

– பேரோ? பேர்… அது அவங்கள் சும்மா…

– அப்பா.

– சீசர் எண்டவங்கள்.

– சீசர்!

– அந்த முதலாளி தன்ரை நாய்க்கும் சீசர் எண்டுதான் பேர் வச்சிருந்தவன். அதையெல்லாம் ஆர் கணக்கெடுக்கிறது?

– ஓ மை கோட். அம்மா, நீங்கள் இதுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டு செபமாலை சொல்லுற படம் மாக்கஸ் இன்ஸ்ரகிராமிலை போட்டிருக்கிறான். நீங்கள் கும்பிடுறது ஒரு ரோமன் அரசனை. லிட்ரலி.

– நான் கேக்கிறது மேலை இருக்கிறவரிட்டை. இஞ்சை நிக்கிறவர் கோட்டுப் பிடிக்கிற ஆள்தானே. அதோடை, உது என்ன பிள்ளை உவ்வளவு கத்துறாய்? உவர் ஒரு சால்வை போத்திக்கொண்டு நிக்கிறார், எங்கட ஆக்கள் மாதிரி.

– சால்வை இல்லையம்மா. டோகா. குனிஞ்சு கீழ் ஓரத்தைப் பாருங்கோ. எப்பிடி வளைஞ்சு போகுது?

– வளைஞ்சுதான் கிடக்கு. அதுக்கென்ன?

– அதுதான் எல்லாமே! ஒரு பெரிய கம்பளித் துணி, பாதி நிலா மாதிரி வளைச்சு வெட்டினது. அஞ்சாறு யார் நீளம் வரும். ஒரு நுனி இடது தோளாலை முன்னுக்குத் தொங்கும். மிச்சம் முதுகாலை சுத்தி, வலது கைக்குக் கீழாலை வந்து, திரும்ப இடது தோளுக்கு மேலாலை பின்னுக்குப் போகும். இஞ்சை வயித்துக்கு முன்னாலை பை மாதிரித் தொங்குது பாருங்கோ, அது அதாலை வாற மடிப்பு.

– பின் குத்துறேல்லையே? சேலைக்கே நாங்கள் ஒரு பெட்டி பின் குத்துறம்.

– ஒரு பின்னும் இல்லை. இடது கையாலை பிடிச்சபடியே நிக்க வேணும்.

– அப்ப வேலை வெட்டி?

– செய்யேலாது! அதுதான் பொயின்ற். இதை உடுத்தினால், நான் உடம்பு வளைச்சு வேலை செய்யத் தேவையில்லாத ஆள் எண்டு ஊருக்குக் காட்டுறது. உடுத்திவிடவே பக்கத்திலை ஒரு அடிமை நிக்க வேணும். வெயிலுக்கை அவிஞ்சு சாகிறது. உடுத்தினவங்களுக்கே இதைப் பிடிக்காது. ஆனால் பெரிய இடத்துக்குப் போறதெண்டா உடுத்தத்தான் வேணும்.

– கலியாண வீட்டுக்குக் கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகிற உன்ரை அப்பா மாதிரி.

– என்னை ஏன் உதுக்குள்ளை இழுக்கிறாய் நாயகி?

– அப்பா, நீங்கள் கடலுக்குப் போன ஆள். சொல்லுங்கோ, இதைக் கட்டிக்கொண்டு வலை இழுக்கேலுமே?

– சீ. முதல் இழுவையிலையே ஆளும் துணியும் கடலுக்கை.

– செயின்ற் பீற்றர் ஆர்? மீன் பிடிச்சவர். அதைவிட, டோகா உடுத்த ரோமன் சிற்றிசன் ஆயிருக்க வேணும். பிற நாட்டாள் உடுத்தக் கூடாது. நாடு கடத்தினால் அந்த உரிமையையும் பறிச்சுப்போடுவாங்கள். பீற்றர் சிற்றிசன் இல்லை. அவர் டோகாவோடை ரோமிலை திரிஞ்சா எப்பிடி இருக்கும் தெரியுமே? நீங்கள் அகதிக் கேஸ் முடியாமல் இருக்கேக்கை கனேடியன் பாஸ்போட் நீட்டின மாதிரி.

– அய்யோ, அடுத்த பிளேனிலை ஏத்திவிட்டிருப்பாங்கள்.

– இன்னும் இருக்கு. பீற்றரைத் தலைகீழாச் சிலுவையிலை அறைஞ்சது ஆர்?

– நீரோ. அது மறைக்கல்வியிலை படிச்சது, எனக்கென்ன தெரியாதே?

– நீரோவும் அவன்ரை அதிகாரியளும் சபைக்குப் போகேக்கை உடுத்தினது இதுதான். நாளைக்கு நீங்கள் அவரைக் கொண்டவங்கட உடுப்பிலை ஒரு ஆளை நிப்பாட்டி, கையிலை மோட்சத்துச் சாவியைக் குடுத்து, பாண்ட் அடிச்சுக் கூட்டிக்கொண்டு போகப்போறியள். இஞ்சை, இது என்ன சாவி? இது கொரோலாச் சாவியெல்லோ!

– பழைய கொரோலா. கையிலை ஒரு சுருள் வச்சிருந்தவர், அதுக்கு மேலை ஒட்டிவிட்டன். அந்தக் கார் ஒரு நாளும் என்னை வழியிலை விட்டதில்லை. மோட்சத்துக்கு நம்பிப் போகலாம்.

– தலைக்குப் பின்னாலை இருக்கிற லைற்?

– மாக்கஸ் ரிக்ரொக் எடுக்கிற வட்ட லைற். மூண்டு விதமா எரியும். வோம் கலரிலை விட்டால் முகம் நல்ல சாந்தமா இருக்கு.

– ஓரத்திலை இந்த ஊதாக் கரை?

– அது என்ரை ஐடியா. ஈஸ்ரருக்கு முந்தின தபசு காலத்து நிறம். வெறும் வெள்ளையா நிண்டவர், ஒரு எடுப்பு வேணும் எண்டு அடிச்சனான்.

– அப்பா, ஊதாக் கரை வச்ச டோகா பெரிய பதவியிலை இருக்கிறவை உடுத்திறது! சும்மா நிண்ட மனிசனுக்கு நீங்களே பெயின்ற் அடிச்சுப் புறமோஷன் குடுத்திருக்கிறியள்!

– பாத்தியே, கைராசி.

– அவர் ஆராயும் இருக்கட்டும் பிள்ளை, அற்புதம், புதுமை எல்லாம் செய்யிறார். பக்கத்து வீட்டு ஸ்டெபனி லைசென்சுக்கு ஜி-ரூ றோட் ரெஸ்ற்றிலை எத்தினை தரம் ஃபெயில் விட்டவள் தெரியுமே? இவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் போனாள். பாஸ். பரலல் பார்க்கிங்கே கேக்கேல்லையாம்.

– அம்மா, அது புதுமை இல்லை. அந்த எக்ஸாமினருக்கு உயிர்ப் பயம்.

– நான் என்னத்தைக் கண்டன். இஞ்சை, கழுத்திலை ஒரு கோடு ஓடுதே, அது என்ன? வெடிப்போ?

– வெடிப்பு இல்லை… ஓ, இது வடிவான விசயம் அம்மா. இது இப்பத்தைய கொங்கிரீற் கொப்பிதான், ஆனா அந்தக் கோட்டைக் கூட அப்பிடியே கொப்பி அடிச்சிருக்கிறாங்கள். ரோமிலை டோகா கட்டின உடம்புகளை முதலே செய்து அடுக்கி வச்சிருப்பாங்கள். கழுத்திலை ஒரு குழி. ஆள் வந்து ஓடர் குடுத்தால் தலையை மட்டும் தனியச் செதுக்கி அந்தக் குழிக்குள்ளை இறக்கிறது. உடம்பு எல்லாருக்கும் ஒண்டுதான்.

– பிறகு?

– பிறகு அந்த ஆளுக்கு மதிப்புப் போனால் தலையை மாத்திறது. இல்லாட்டி, இருக்கிற தலையையே கொஞ்சம் கொத்தி, புது ஆளின்ரை முகமாக்கிறது. அரசன் மாறினால் உளிக்காரருக்கு நல்ல பிசி.

– எங்கட ஒன்றியத்துக்கும் அப்பிடி ஒண்டு வேணும். வருசா வருசம் தலைவரை மாத்திறம், மாலை போடுற உடம்பு ஒண்டுதானே.

– பிறகு, பிள்ளை? உந்தப் பழைய சிலையளுக்கு மூக்கெல்லாம் உடைஞ்சு கிடக்கிறது ஏன்?

– அம்மா, நீங்கள் உண்மையாவே கேக்கிறீங்களா?

– கேட்டுக்கொண்டுதானே நிக்கிறன்.

– இல்லை, இப்ப கேக்கிறியள். திருவிழா நாறப்போகுது எண்ட உடனை கேக்கிறியள். நான் இஞ்சை இருக்கேக்கை, இந்த வீட்டிலை ஒருத்தராவது, ரோமன் சிலை, உடுப்பு எண்டு நான் படிச்சதை ஒரு நிமிசம் கேட்டிருக்கிறியளா? லிட்ரலி ஒரு நிமிசம்?

– உது பழைய கதை கரோ.

– என்ரை கிராஜுவேஷன் பார்ட்டி அப்பா. நீங்கள் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பி, "என்ரை மகள் கல்லுக்கு உடுப்புத் தோய்க்கிற படிப்புப் படிச்சவள்" எண்டு சொன்னனீங்கள். ஹோலே விழுந்து விழுந்து சிரிச்சது. வின்சன்ற் அங்கிள் இருமி இருமிச் சிரிச்சவர்.

– பகிடிக்குச் சொன்னனான்.

– மூண்டு வருசம் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கிற அளவுக்கு நல்ல பகிடி. அம்மா, நீங்களும் சிரிச்சனீங்கள். அதுதான் அப்பா சொன்னதை விட நொந்தது.

– தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை. குடி.

– வேண்டாம். நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டன். ஊபர் கூப்பிடுறன்.

– நில்லு, நில்லு கரோ. விசயம் என்னண்டா… இன்னொரு சின்னச் சிக்கல் இருக்கு. நாளைக்குப் பூசைக்கு எங்கட வழக்கமான பங்குச் சுவாமி வரேல்லை. அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன். வேறை ஒரு சுவாமி வாறார்.

– அதுக்கு?

– அவர் றோமாபுரியிலை பத்து வருசம் இருந்து படிச்சவராம்.

– அப்பா!

– நேற்றுத்தான் சொன்னாங்கள்!

– அவர் பார்க்கிங் லொட்டிலை காரை விட்டு இறங்க முதலே கண்டுபிடிச்சிடுவார். ரோமிலை தெருவுக்குத் தெரு இதுதான் நிக்குது. "ஏன் சீசருக்குத் தாடி வச்சிருக்கிறியள்" எண்டு மைக்கிலை கேட்டால் என்ன செய்வியள்?

– செத்தன். அந்த மைக்கை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கப்போறது வின்சன்ற். நான் இனி ஒரு செத்த வீட்டுக்கும் போகேலாது. கரோ, ஏதாவது வழி சொல்லன். கிரைண்டரை எடுத்து உந்த வளைவை வெட்டி விடட்டே?

– தொட்டியளோ தெரியும். உள்ளுக்குக் கம்பி, இடுப்போடை முறிஞ்சு விழும்.

– வேறை புனிதர், அர்ச்சிஷ்டவர் ஒருத்தரும் இதை உடுத்தினதில்லையே?

– செயின்ற் போல் எண்டால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். அவர் சிற்றிசன்.

– சின்னப்பரோ? அவர் கூடாரம் தைச்சவர். எங்கட கடற்கரைச் சனம் தையல்காரருக்கு பாண்ட் அடிக்குமே? கொரோலாச் சாவியை வேறை சீமெந்து வச்சு இறுக்கிப்போட்டன்.

– நான் என்னத்தைக் கண்டன்… மாதாவுக்கு நாங்கள் சேலை உடுத்திறேல்லையே? இவருக்கும் மேலாலை ஒண்டைப் போத்திவிட்டால் என்ன?

– போத்தலாம். வெயிற். உண்மையாப் போத்தலாம் அம்மா! அப்போஸ்தலர்மாரைப் பழைய படங்களிலை கீறேக்கை, டோகா இல்லை, வேறை ஒரு போர்வைதான் போட்டிருப்பினம். பாலியம் எண்டு சொல்லுறது. அதைப் போட்டால் வளைஞ்ச ஓரம் மறைஞ்சிடும், ஊதாக் கரை மறைஞ்சிடும். தோளிலை ஒரு பழைய வலையும் போட்டுவிட்டால் ஆள் பீற்றர்தான். ரோமிலை படிச்ச சுவாமி கைகுலுக்கிப்போட்டுப் போவார்.

– என்ரை பிள்ளையெல்லோ! வலைக்கு நான் பொறுப்பு. மாக்கஸின்ரை ஹொக்கி நெற் கிடக்கு.

– ஹொக்கி நெற் வேண்டாம் அப்பா. ஆனா துணிக்கு என்ன செய்யிறது? மொத்தக் கம்பளி வேணும். மண் நிறம். சரியான நீளம். ஃபப்ரிக் கடை இந்நேரம் திறந்திருக்குமோ தெரியாது, வாங்கினாலும் வெட்டி ஓரம் தைக்க…

– மேலை அலுமாரிக்குள்ளை ஒரு துணி கிடக்கு. சரிவருமோ தெரியாது. எடுத்துக்கொண்டு வாறன்.

– அம்மான்ரை பழைய போர்வையா இருக்கும். அப்பா, லைற்றைக் கழட்டுங்கோ, தோளிலை இடம் வேணும். உந்த ஏணியையும் தாங்கோ.

– ஏணி இந்தா. கரோ…

– என்ன?

– கல்லுக்கு உடுப்பு மாத்திறதுக்கு ஆறு வருசம் படிக்க வேணுமோ எண்டுதான் நான் அப்ப நினைச்சனான்.

– இப்ப?

– இப்ப, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு இவருக்கு உடுத்திவிட ஆளில்லாட்டி நான் பார்க்கிங் லொட்டிலை தூக்கிலை தொங்க வேணும். நாளைக்கு மைக் என்ரை கையிலைதான் முதல் வரும். அதிலை சொல்லுறன், இவருக்கு உடுப்பு மாத்தினது என்ரை மகள் எண்டு. வின்சன்ற் இருமட்டும்.

– அது மன்னிப்பா, அலங்கார வேலைக்கு ஆள் பிடிக்கிறதா?

– ரெண்டும் ஒரே ட்ரிப்பிலை.

– இந்தா பிள்ளை. கொஞ்சம் பாரம். பிடி.

– தாங்கோ… இது கம்பளி. நல்ல மண் நிறம். அப்பா, அந்த மூலையைப் பிடியுங்கோ. விரிப்பம். அம்மா, இது போர்வை இல்லையே.

– துணிதானே.

– நாலு பக்கமும் நேரா வெட்டி, ஓரம் எல்லாம் கையாலை தைச்சுக் கிடக்கு. மூலை நாலிலையும் குஞ்சம். நில்லுங்கோ, தோளிலை வச்சுப் பாக்கிறன்… கணுக்கால் வரைக்கும் அளந்த மாதிரி வருது.

– அளந்துதான். இவர் பூசை காணுற மாதிரி அசையாமல் நிக்கிறவரெல்லோ, அளக்கிறது சுகம்.

– எப்ப தைச்சனீங்கள்?

– தபசு காலத்திலை தொடங்கினது. கண் தெரியாது, மெல்ல மெல்லத் தைச்சன்.

– நாயகி, நீ செபமாலை சொல்லுறன் எண்டு கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தது உதுக்கோ?

– செபமாலையும் சொன்னனான், தையலும் போட்டனான். ரெண்டுக்கும் ஒரே நேர்த்திக்கடன்தான்.

– அம்மா, நீங்கள் வளைச்சு வெட்டேல்லை. ஏன் வளைச்சு வெட்டேல்லை?

– வளைஞ்சால் டோகா, மூலை இருந்தால் அப்போஸ்தலர். நீதானே சொன்னனீ.

– இப்பவா? நான் மூலையைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேல்லையே.

– இப்ப இல்லை. கிரேட் பதினொண்டு படிக்கேக்கை. என்ரை புது வெள்ளை பெட்ஷீற்றைக் கத்தரிக்கோலாலை வளைச்சு வெட்டி, சுத்திக்கொண்டு வந்து குசினி வாசலிலை நிண்டு ஒரு மணித்தியாலம் சொன்னனீ. தோள், வலது கை, வயித்துக்கு முன்னாலை பை, கழுத்துக் குழி, எல்லாம். நான் கணவாய்க் கறி வச்சுக்கொண்டு நிண்டனான்.

– நீங்கள் திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

– திரும்பினால் கறி அடிப்பிடிச்சிடும். காது சும்மாதானே கிடந்தது.

– அப்ப… அப்பா இவரைக் கொண்டு வந்து இறக்கின அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்?

– ஓம். லொறியிலை இருந்து கால் தெரியேக்கையே தெரியும்.

– நாயகி! தெரிஞ்சுகொண்டே என்னைப் புட்டி பூச விட்டனியே! ஊதா பெயின்ற் வாங்கித் தந்ததும் நீதானே!

– நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ.

– அம்மா, பிறகேன் வியாழக்கிழமை எனக்கு அந்தப் படத்தை அனுப்பினனீங்கள்? இவ்வளவு வடிவாத் தைச்சு வச்சுக்கொண்டு, அதைப் போத்தாமல், டோகாவோடை நிப்பாட்டி, "எங்கட இராயப்பர் எப்பிடி" எண்டு?

– சரியான உடுப்போடை அனுப்பியிருந்தால் நீ வந்திருப்பியே, பிள்ளை?